வரும்போது காசு கேட்க மாட்டார்கள்

ஆகஸ்ட் 23, 2025, சனி

பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்குப் போக, கனடாவின் நோவா ஸ்கோஷா மாகாணத்துக் கரிபூ துறையில் காரோடு ஃபெரியில் ஏறினோம். யாரும் கட்டணம் வாங்கவில்லை. மாமாவுக்கு அது உறுத்தல். கப்பல் நகரும்வரை, யாராவது பின்னால் ஓடிவருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். தீவில் நடைமுறையே இதுதான். கப்பலானாலும், தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலமானாலும், தீவைவிட்டு வெளியேறும்போதுதான் வசூல். கப்பலில் வந்து பாலம் வழியாகத் திரும்பினால் பாலத்துச் சுங்கம் மட்டும்தான் செலவு. ஜூலைவரை ஐம்பது டாலருக்கு மேல் இருந்த அந்தச் சுங்கம், இந்த ஆகஸ்ட் 1 முதல் 20 டாலர். கப்பல் கட்டணத்தையும் குறைத்திருக்கிறார்கள். ஆனாலும் காரோடு திரும்புகிறவருக்குப் பாலம்தான் மலிவு.

கடலில் ஒன்றேகால் மணி நேரம். டொராண்டோவிலிருந்து வருகிறவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிக்கொள்ள வேண்டும். விற்பனை வரி 15 சதவீதம். விலைப்பட்டியலில் தெரியாது, பில்லில் தெரியும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சார்லட்டவுன். தலைநகரம் என்றாலும் அரை நாளில் நடந்தே பார்த்துவிடலாம். தீவு முழுவதுமே 5,660 சதுர கிலோமீட்டர், 2021 கணக்கெடுப்பில் 1,54,331 பேர். கனடாவின் மிகச் சிறிய மாகாணம்.

கனடா என்ற நாட்டை உருவாக்கும் பேச்சு 1864 செப்டம்பரில் இந்த ஊரில்தான் தொடங்கியது. அந்த வாரம் ஊரில் சர்க்கஸ் நடந்துகொண்டிருந்தது. விடுதிகளெல்லாம் நிரம்பிவிட்டன. அன்று கனடா என்று அழைக்கப்பட்ட மாகாணத்தின் (இன்றைய ஒன்டாரியோ, கியூபெக்) பிரதிநிதிகளின் கப்பல் வந்தபோது துறைமுகத்தில் வரவேற்க ஆளில்லை. உள்ளூர் அரசின் செயலாளர் ஒரு சிறு படகில் போய் எதிர்கொண்டார். இவ்வளவுக்குப் பிறகு, 1867-இல் நாடு பிறந்தபோது தீவு அதில் சேரவே இல்லை. ரயில்பாதை போட்டுக் கடனில் மூழ்கிய பிறகு, 1873-இல்தான் சேர்ந்தது. "கல்யாணத்துக்கு மண்டபம் கொடுத்துவிட்டுப் பந்தியில் உட்காராத வீடு" என்றார் மாமா.

அந்த ரயிலும் 1989-இல் நின்றுபோனது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனைவரை 273 கிலோமீட்டருக்கு நடைபாதையாக்கியிருக்கிறார்கள். ரயில்பாதை என்பதால் ஏற்ற இறக்கம் குறைவு. தீவின் உச்சியே 142 மீட்டர்தான். சைக்கிள் பழக்கமில்லாதவர்களும் துணிந்து ஏறலாம். கார் இல்லாதவர்களுக்கு ஊர்களை இணைக்கும் பஸ் இரண்டு டாலருக்கு உண்டு, நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' என்ற சிவப்புக் கூந்தல் சிறுமியின் நாவலைத் தேடி உலகமே கேவண்டிஷ் போகிறது. எங்கள் வண்டி உருளைக்கிழங்கு வயல்களில் நின்றுவிட்டது.

சாலையோரம் இறங்கிய மாமா ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் நசுக்கினார். இரும்பு துருப்பிடித்த சிவப்பு. உண்மையில் இரும்பு ஆக்சைடுதான் அந்த நிறம். சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரியைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. கையைத் துடைத்த வெள்ளை வேட்டி இனி வெள்ளையாகாது. இந்த மண்ணில் சாயம் தோய்த்த சட்டையைக் கடைகளில் காசுக்கு விற்கிறார்கள் என்றேன். நம்பவில்லை.

ஒரே நிலத்தில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கு மேல் உருளை போடக் கூடாது என்பது இங்கே சட்டம். குடிநீர் ஏறக்குறைய முழுவதும் நிலத்தடியிலிருந்து வருவதால், பாசனத்துக்குப் பெரிய ஆழ்துளைக் கிணறு தோண்ட 2002 முதல் இருபது ஆண்டுகள் தடை இருந்தது. மாமா ஒவ்வொன்றையும் நிறுத்திக் கேட்டார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்: "ஏக்கர் என்ன விலை, மாப்பிள்ளை?"

விலை இருக்கட்டும், வாங்க விட வேண்டுமே. தீவில் குடியிருக்காதவர், கனடாக் குடிமகனாகவே இருந்தாலும், ஐந்து ஏக்கருக்கு மேலோ 165 அடிக்கு மேல் கடற்கரையோடோ நிலம் வாங்க அமைச்சரவையின் அனுமதி வேண்டும். உள்ளூர்க்காரருக்கும் உச்சவரம்பு உண்டு: தனிநபருக்கு 1,000 ஏக்கர், நிறுவனத்துக்கு 3,000. சட்டம் 1982-இல் வந்தது. அதன் வேர் 1767-இல் இருக்கிறது. அந்த ஆண்டு லண்டனில் உட்கார்ந்துகொண்டு தீவை 67 துண்டுகளாக்கிக் குலுக்கல் போட்டுச் செல்வாக்குள்ளவர்களுக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உழுதவர்கள் நூறாண்டு குத்தகை கட்டினார்கள். ஜமீன்களை விலைகொடுத்து மீட்க 8 லட்சம் டாலர் தருவதாகக் கனடா ஒப்புக்கொண்டதும் தீவு கனடாவில் சேர்ந்ததற்கு ஒரு காரணம்.

வருகிறவர்களைப் பற்றி இந்தத் தீவு எப்போதும் யோசித்தே முடிவெடுக்கிறது. 1908-இல் மோட்டார் வாகனங்களையே ஒட்டுமொத்தமாகத் தடைசெய்தார்கள். அந்தத் தடை முழுமையாக நீக்கப்பட்டது 1919-இல். 2024-இல் குடியேற்ற விதிகளை இறுக்கியபோது, இங்கே வேலைபார்த்த வெளிநாட்டவர்கள், அவர்களில் பலர் இந்தியர்கள், சட்டமன்றத்தின் முன் உண்ணாவிரதம் இருந்தார்கள். குத்தகைச் சரித்திரத்தைக் கேட்டபோது தீவின்மேல் வந்த பரிவு, இதைக் கேட்டால் அவ்வளவு எளிதில் வருவதில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பேசின் ஹெட், கிழக்குக் கோடி. மணலில் காலைத் தேய்த்து நடந்தால் கீச்சென்று ஒலிக்கிறது. உலர்ந்த மணலில் மட்டும். பாலத்திலிருந்து குதிக்காதீர்கள் என்ற பலகையைத் தாண்டிப் பிள்ளைகள் வரிசையாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டில் கடல்நீர் குளிக்கும்படி இருக்கிறது.

சிவப்புப் பாறை விளிம்பில் படம் எடுக்கப் போகாதீர்கள். அது உதிரும் மணற்கல். கரை சராசரியாக ஆண்டுக்கு ஓர் அடிபோல அரிக்கப்படுகிறது. எல்லாப் படங்களிலும் வந்த தேநீர்க் கோப்பை வடிவப் பாறை 2022 செப்டம்பர் 24-ஆம் தேதிப் ஃபியோனா புயலோடு போய்விட்டது. பழைய கையேட்டை வைத்துக்கொண்டு இன்னும் சிலர் தேடுகிறார்களாம்.

சிங்கி இறால் (லாப்ஸ்டர்) சாப்பிட: பெரும்பாலான கரைகளில் மீன்பிடிப்பு ஜூன் இறுதியோடு முடிந்துவிடும். தென்மேற்குக் கரையில் மட்டும் ஆகஸ்டில் தொடங்கும். சைவர்களுக்குத் தலைநகரில் இந்திய உணவகங்கள் உண்டு. கிராமத்தில் வறுத்த உருளைதான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

போர்டனில் 20 டாலர் கட்டிவிட்டுப் பாலத்தில் ஏறினோம். 12.9 கிலோமீட்டர், 1997 மே 31-இல் திறந்தது. பாலம் வேண்டுமா என்று 1988-இல் வாக்கெடுப்பு வைத்தபோது பத்தில் நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். பக்கச்சுவர் நெஞ்சளவு உயரம், காரிலிருந்து கடல் தெரியாது. கடல் பார்க்க விரும்புகிறவர்கள் எங்களைப் போல ஒரு வழியாவது கப்பலில் போங்கள். நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் அனுமதியில்லை. அப்படி வருகிறவர்களை ஏற்றிச்செல்லத் தனி வண்டி இருக்கிறது. காற்று வலுத்தால் உயரமான வாகனங்களை நிறுத்திவிடுவார்கள்.

பாலம் வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பு, குளிர்காலத்தில் உறைந்த நீரிணையைப் படகில் கடந்தார்கள். பனிக்கட்டிமேல் படகை இழுக்கத் தோள்கொடுத்த பயணிக்குக் கட்டணம் குறைவு. மாமாவுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது.

வர நினைப்பவர்கள் செப்டம்பரைத் தாண்ட விடாதீர்கள். அக்டோபரில் கடற்கரையோரக் கடைகள் மூடிவிடும், டிசம்பரில் ஃபெரியும் நின்றுவிடும், மே மாதம்வரை பாலம் மட்டுமே.