பட்டாணி அளவு, ராத்திரி மட்டும்

என் கன்னத்தில் இருந்தது இரண்டு வகைத் தழும்பு என்பது 29 வயதில்தான் எனக்குத் தெரிந்தது. தோல் டாக்டர் இரண்டு விரலால் கன்னத்தை லேசாக இழுத்துப் பிடித்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். "இது கறை மா. பரு ஆறின இடத்துல நிறம் தங்கிடுச்சு, மெல்ல மங்கும். இது குழி. க்ரீம் போட்டா கொஞ்சம் சமமாகும், முழுசா மேல வராது."

அதற்கு முன்னாலேயே நான் முகத்தைக் கெடுத்து வைத்திருந்தேன். சீட்டில்லாமல் மருந்துக்கடையில் வாங்கிய க்ரீமில் இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் சிவந்து, எரிந்து, பரு குவிந்துவிட்டது. ட்யூபில் இருந்த பொடி எழுத்தை டாக்டர் என்னையே படிக்க வைத்தார்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன். முதலில் இருப்பது நிறத்தை வெளுக்க வைப்பது. நடுவில் இருப்பது வைட்டமின் ஏ வகை மருந்து. கடைசியில் இருப்பது ஸ்டீராய்டு. தயவுசெய்து யாரும் இந்த க்ரீமைக் கேட்டு வாங்கிப் பூசாதீர்கள்.

முகம் ஆறும்வரை மாய்ஸ்சரைசரும் சன்ஸ்க்ரீனும் மட்டும்தான். பிறகு அடாபலீன் 0.1% ஜெல் எழுதிக் கொடுத்தார். இதுவும் வைட்டமின் ஏ வகைதான். ராத்திரி முகம் கழுவி, துடைத்து, ஈரம் நன்றாகக் காய இருபது நிமிடம் விட வேண்டும். பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கப் பூச வேண்டும், தழும்பின் மேல் மட்டும் புள்ளி வைக்கக் கூடாது. மூக்கோரம், வாயோரம், கண்ணைச் சுற்றி முதலிலேயே வாசலின். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு ராத்திரி, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

அப்படியும் மூன்றாவது வாரம் மூக்கோரத்தில் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. ரசம் பட்டாலே வாயோரம் எரிந்தது. மாய்ஸ்சரைசரை முதலில் பூசி, அதன் மேல் ஜெல் போடச் சொன்னார், எரிச்சல் அடங்கியது. ஐந்தாவது வாரம் புதுப் பருக்கள் வந்தபோது அழுதேவிட்டேன். உள்ளே உருவாகிக்கொண்டிருந்ததுதான் சீக்கிரம் வெளியே வருகிறது, மூன்று மாதம் போகாமல் தீர்ப்புச் சொல்லாதே என்றார். பெரியம்மாவோ, "முருங்கைக்கீரை தின்னா வராத வைட்டமினா?" என்று கேட்டார். கீரை உடம்புக்கு நல்லதுதான், ஆனால் தோலில் இந்த வேலையை அது செய்யாது.

ஒரு தப்பை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தங்கச்சி கல்யாணத்துக்கு முதல் நாள் மேலுதட்டில் த்ரெட்டிங் செய்துகொண்டேன். நூலோடு தோலும் சேர்ந்து வந்துவிட்டது. முகூர்த்தம் முடியும்வரை கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டே நின்றேன். ஒரு வாரம் முன்பே ஜெல்லை நிறுத்தியிருக்க வேண்டும். வாக்ஸிங்குக்கும் இதே கணக்குதான்.

மதுரை வெயிலில் ஸ்கூட்டி ஓட்டுகிறவள் நான். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் இல்லாமல் இந்த ஜெல்லைத் தொடவே கூடாது. வெயில் பட்டால் கறை இன்னும் கறுக்கும்.

இப்போது எட்டாவது மாதம். கறை பெரும்பாலும் மங்கிவிட்டது. குழிகளின் ஓரம் மென்மையாகியிருக்கிறது, ஆழம் அப்படியே இருக்கிறது. அதற்கு மைக்ரோநீட்லிங் (தோலில் நுண்ணிய ஊசிகளால் குத்தும் சிகிச்சை) பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். போன மாதம் எனக்கும் கல்யாணம் நிச்சயமானது. குழந்தைக்குத் திட்டமிடும்போது ஜெல்லை நிறுத்திவிட்டு வந்து பார்க்கும்படி டாக்டர் சீட்டிலேயே எழுதி அடிக்கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்.