கம்பர் மண்ணும் பேத்தி நாக்கும்

பங்குனி 24

பேத்தி பிறந்து ஐம்பது நாள். பங்குனி அத்த நட்சத்திரத்தன்று நாட்டரசன்கோட்டைக்குப் போய், கம்பர் சமாதி மண்ணைத் துளி எடுத்துப் பிள்ளை நாக்கில் வைக்க வேண்டும் என்று ஆத்தா ஆரம்பித்துவிட்டாள். வைத்தால் தமிழ் வரும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. மகள் நர்ஸ். விடுவாளா?

“பச்சப்புள்ள வயித்துக்கு மண்ணா, அப்பத்தா?”

“உங்கப்பனுக்கும் வச்சேன். என்ன ஆச்சு அவனுக்கு?”

“ஒண்ணும் ஆகல. கவிஞராவும் ஆகல.”

முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் பேரேடு எழுதியவன் நான். முகப்பில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் இருந்துவிட்டேன்.

பங்குனி 26

காரைக்குடியில் மருந்து வாங்கப் போனவன் கண்ணதாசன் மணிமண்டபத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். 1927-இல் சிறுகூடல்பட்டியில் எட்டாவது பிள்ளையாகப் பிறந்த முத்தையா. காரைக்குடியில் 7000 ரூபாய்க்குப் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள், அதாவது தத்தெடுத்தார்கள். அந்த வீட்டில் பெயர் நாராயணன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. கம்பனைக் குறை சொல்லத்தான் முதலில் படித்தார், படித்ததும் விழுந்துவிட்டார். நாக்கில் மண் வைத்தார்களோ என்னவோ, சண்டை போடப் போய்க் கம்பனிடம் மாட்டிக்கொண்டவர் அவர். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

சாயங்காலம் கம்பன் விழா. 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து நடக்கிறது. சட்டை போடாத அந்த மனிதரைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பட்டிமன்றம் சுமார்.

பங்குனி 27

மகிபாலன்பட்டியில் ஒரு கல்யாணம். பழைய பூங்குன்றம் இதுதான். கணியன் பூங்குன்றனார் பெயரில் நமக்குக் கிடைத்தவை இரண்டே பாட்டு, புறநானூற்றில் ஒன்று, நற்றிணையில் ஒன்று. ‘யாதும் ஊரே’யை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள், அதோடு நிறுத்தியும் விடுகிறார்கள். பாட்டின் உயிர் பின்னால் இருக்கிறது. ஆற்றோடு போகும் தெப்பம்போல உயிர் முறைவழியே போகிறது, அதனால்,

‘பெரியோரை வியத்தலும் இலமே,
சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.’

அந்த ‘அதனினும்’ என்ற ஒரு சொல்லுக்காகவே இந்த ஊருக்கு வரலாம்.

பண்டிதமணி கதிரேசன் செட்டியாரும் இதே ஊர்தான், 1881-இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காமல் தானாகவே தமிழும் வடமொழியும் கற்றவர். மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தைத் தமிழாக்கி ‘மண்ணியல் சிறுதேர்’ என்று பெயர் வைத்தார். மண்ணால் செய்த வண்டி! மகளிடம் சொன்னேன். “அதை ஓட்டலாம்ப்பா, திங்க வேண்டாம்” என்றாள்.

பங்குனி 29

அத்தம். கம்பன் இராமாயணத்தை அரங்கேற்றிய நாள் என்று சொல்லிவரும் நாள். நாட்டரசன்கோட்டையில் நல்ல கூட்டம், வெயில் வேறு. என் மடியில் பேத்தி தூக்கம்.

ஆத்தா குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். சண்டைதான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

“எனக்கு யாரும் வைக்கலடி” என்றாள் ஆத்தா. “என் அண்ணந்தம்பிக்கெல்லாம் வச்சாக. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னுட்டாக.”

மகள் ஒன்றும் பேசவில்லை. ஆத்தா விரலிலிருந்து கொஞ்சம் எடுத்துக் குழந்தை நெற்றியில் திருநீறுபோல வைத்தாள். அப்புறம், “வாயைத் திற, அப்பத்தா” என்றாள்.

எண்பத்து மூன்று வயதில் ஆத்தா நாக்கை நீட்டினாள்.

“நறநறங்குதுடி, தண்ணி குடு.”