அடையாளம் தெரியாத கியர் லிங்கேஜ் துண்டுகள்: நம்பரைத் தேடும் முன் முனைகளைப் பாருங்கள்

பிரித்துப் போட்ட நிலையில் ஒரு பழைய காரை வாங்கினால், கூடவே ஒரு பெட்டியும் வரும். வளைந்த ராடுகள், துளை போட்ட பட்டைகள், ஸ்பிரிங்குகள், எதற்கென்று தெரியாத இரண்டு மூன்று லீவர்கள். கியர் லீவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் கியர் லிங்கேஜ் துண்டுகளும் அதில் இருக்கும். பலரும் உடனே வயர் பிரஷ்ஷை எடுத்துத் துருவைத் தேய்த்துப் பாக நம்பரைத் தேடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். பெயின்ட் படிந்த இடம், வாஷர் உட்கார்ந்த வட்டத் தடம், புஷ் உரசிப் பளபளத்த பகுதி எல்லாம் அந்தப் பிரஷ்ஷோடு போய்விடும். நம்பரைவிட அவைதான் அதிகம் சொல்லும். தேய்க்கும் முன் இரு பக்கமும் போட்டோ எடுத்து, அளவுகளைக் குறித்து வையுங்கள்.

முதல் கேள்வி: இந்த ராட் தள்ளியதா, இழுத்ததா, இரண்டுமா? கியர் மாற்றும் ராட் இரண்டையும் செய்தாக வேண்டும். அதனால் அதன் இரு முனைகளும் எங்காவது பூட்டப்பட்டிருக்கும். ஒரு முனை செங்கோணத்தில் மடங்கி, கிளிப் அல்லது காட்டர் பின்னுக்கு வழி வைத்திருக்கும். மறுமுனையில் நீளம் சரிசெய்ய மரையும் சுழலும் கட்டையும் இருக்கும். கிளட்ச் ராட் பொதுவாகத் தள்ளுவதோடு சரி, திரும்பி வருவதை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். அதனால் கிளட்ச் போர்க்கை (கிளட்ச்சை விடுவிக்கும் கவட்டை லீவரை) தொடும் முனை உருண்டையாக, எந்தப் பூட்டும் இல்லாமல் இருக்கும். மெல்லிய ராட், முனையில் நீள்துளை, பக்கத்தில் ஸ்பிரிங் மாட்டக் கொக்கி என்றிருந்தால், ஆட்டோமேட்டிக் வண்டியின் கார்புரேட்டரிலிருந்து இறங்கும் கிக்டவுன் ராட் (ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்தும்போது கீழ்க் கியருக்கு மாற்றுவது) என்று முதலில் சந்தேகப்படுங்கள். இரு முனையிலும் உள்ளே குழிந்த கிண்ணம், நடுவே பற்றவைத்த இரண்டு கைகள் கொண்ட குழாய் என்றால், அது கிளட்ச் பெடலுக்கும் போர்க்குக்கும் நடுவே இருக்கும் குறுக்குத் தண்டு. அது எஞ்சின் பக்கம் ஒன்று, சேஸி பக்கம் ஒன்று என இரண்டு உருண்டைத் தலை ஸ்டட்களில் ஆடும். இதைக் கியர் லிங்கேஜ் என்று எண்ணி மணிக்கணக்கில் தேடுகிறவர்கள் நிறைய.

அடுத்தது மரை. பலர் ஏமாறும் இடம் இதுதான். 5/16 அங்குல ராடின் விட்டம் 7.94 மி.மீ. வெர்னியரில் இது 8 மி.மீ. ராட் மாதிரியே தெரியும். நுண் மரை என்றால் அங்குலத்துக்கு 24, 8 மி.மீ. நுண் மரையின் பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) 1 மி.மீ. ஒன்றின் நட் மற்றதன் ராடில் இரண்டு மூன்று சுற்று ஏறும், அப்புறம் இறுகும். ஏறுகிறதே என்று ஸ்பானர் போட்டால் ராடும் போச்சு, நட்டும் போச்சு. பிட்ச் கேஜ் இல்லாவிட்டால் பத்து மரையின் நீளத்தை அளந்து பாருங்கள். 10.6 மி.மீ. வந்தால் அங்குல மரை, சரியாக 10 வந்தால் மெட்ரிக். பழைய பிரிட்டிஷ் பாகங்களில் விட்வொர்த் மரையும் வரலாம். அதன் கோணம் 55 டிகிரி, மற்ற இரண்டுக்கும் 60.

வளைவுகளை நிதானமாகப் பாருங்கள். தொழிற்சாலை வளைவு வழவழப்பாக, ஒரே ஆரத்தில் இருக்கும். வைஸ் பல் தடம், நீலம் பூத்த சூட்டு அடையாளம், உள்பக்கம் நசுங்கல் இருந்தால் யாரோ பின்னாளில் வளைத்தது. அப்படிப்பட்ட ராடின் நீளத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

அமெரிக்க நான்கு கியர் வண்டிகளில் கியர்பாக்ஸின் வகை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மன்சி என்ற கியர்பாக்ஸில் பக்கவாட்டு மூடிக்கு 7 போல்ட், அதில் இரண்டு லீவர்; ரிவர்ஸ் லீவர் பின்பக்க ஹவுசிங்கில். போர்க் வார்னர் டி-10-க்கும் ரிவர்ஸ் பின்னால்தான், மூடிக்கு 9 போல்ட். சாகினா கியர்பாக்ஸிலோ மூன்று லீவரும் மூடியிலேயே. ஆகவே ரிவர்ஸ் ராடின் நீளமும் வளைவும் மாறும், ஒன்றை மற்றதற்கு மாட்ட முடியாது.

எங்கும் பொருந்தாமல் ஒரு ராட் மிஞ்சினால், 1969 அல்லது அதற்குப் பிந்தைய ஜெனரல் மோட்டார்ஸ் மேனுவல் வண்டியா என்று கேளுங்கள். அந்த ஆண்டு முதல் ஸ்டீயரிங் தண்டுக் குழாயிலேயே பூட்டு வந்தது. ரிவர்ஸில் போட்டால்தான் பூட்டி சாவி எடுக்க முடியும். அதற்காக ரிவர்ஸ் லிங்கேஜிலிருந்து அந்தக் குழாயின் அடிக்கு ஒரு ராட் போகும். கழற்றினாலும் கியர் விழுவதால் பலர் அதைத் திரும்ப மாட்டுவதில்லை.

இப்போது நம்பர். ஃபோர்டில் முதல் எழுத்து பத்தாண்டு: பி 1950-கள், சி 1960-கள், டி 1970-கள். அடுத்த இலக்கம் அந்தப் பத்தாண்டுக்குள் எந்த வருடம் என்பது. நடுவில் உள்ள அடிப்படை எண் 7000 வரிசை என்றால் கியர்பாக்ஸ் சங்கதி. 7210 கியர் லீவர். ஆனால் பாகத்தின் மேல் அச்சாகி இருப்பது வடிவமைப்பு எண். கேட்டலாக்கில் விற்பனை எண் வேறாக இருக்கும். வார்ப்பு எண் இன்னும் மோசம்: ஒரே வார்ப்பில் துளையை வேறு இடத்தில் போட்டு இரண்டு மூன்று பாகங்கள் செய்திருப்பார்கள். எனவே லீவரில் தண்டுத் துளையின் மையத்திலிருந்து ராட் துளையின் மையம் வரை அளந்தே ஆக வேண்டும். கால் அங்குலம் நீளம் கூடினால் கியர்பாக்ஸ் தண்டு திரும்பும் கோணம் குறையும், பல் முழுதாகப் பொருந்தாது, ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் கழன்றுவிடும்.

ஆட்டோமேட்டிக்கில் இதைவிடக் கவனம் வேண்டும். கிறைஸ்லரின் டார்க்ஃபிளைட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தண்டுகள்: வெளியே உள்ளது கியர் தேர்வுக்கு, உள்ளே உள்ளது த்ராட்டில் அழுத்தத்துக்கு. உள்தண்டின் ராடை வேறு வண்டியிலிருந்து போட்டு நீளம் தவறினால் எண்ணெய் அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் கருகும்.

மாட்டிப் பார்க்கும்போது எல்லா லீவரையும் நியூட்ரலில் வையுங்கள். ஃப்ளோர் ஷிஃப்டர் பலவற்றில் குறுக்கே ஒரு துளை இருக்கும், கால் அங்குலப் பின் நுழையும் அளவு. அது நியூட்ரலைப் பிடித்து நிறுத்தத்தான். பின் நுழைந்திருக்க, ஒவ்வொரு ராடும் விரலால் தள்ளினாலே துளைக்குள் போக வேண்டும். சரிசெய்யும் மரை முழுதும் தீர்ந்த பிறகும் எட்டவில்லை என்றால் அந்த ராட் அந்தக் கியர்பாக்ஸுக்கானதல்ல. சூடுகாட்டி வளைக்காமல் தனியே எடுத்து வையுங்கள்.