துவாலு காசில் ஹோமர் சிம்ப்சன்

குட்டித் தீவு நாடுகள் வருமானத்துக்காக விடும் நாணயங்களைப் "பொம்மைக் காசு" என்று ஒதுக்குகிற சேகரிப்பாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது.

துவாலுவை எடுத்துக்கொள்ளுங்கள். பசிபிக் கடலில் ஒன்பது தீவுகள், மொத்தமே 26 சதுர கிலோமீட்டர், சுமார் 11,000 மக்கள். தோண்டியெடுக்கக் கனிமம் இல்லை, பெரிதாகப் பயிர் செய்ய மண்ணும் இல்லை. மீன்பிடி உரிமம், '.டிவி' (.tv) என்று முடியும் இணைய முகவரி, தபால்தலை, நாணயம் என்று கடலையும் தன் பெயரையும் வைத்துத்தான் சம்பாதிக்க வேண்டும். அதில் என்ன கேவலம்?

என்னிடம் 2019-ல் வந்த சிம்ப்சன்ஸ் நாணயம் இருக்கிறது. ஒரு பக்கம் 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் அப்பா பாத்திரமான ஹோமர், மறுபக்கம் எலிசபெத் ராணி. பெயர் துவாலுவுடையது, அடித்தது ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச் சாலை. 31.1 கிராம் சுத்த வெள்ளி. முகமதிப்பு, அதாவது காசில் பொறித்த மதிப்பு, ஒரு டாலர்தான், ஆனால் அந்த வருஷ விலைக்கே உள்ளிருக்கும் வெள்ளி இருபது ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டும். அதனால் இதைக் கொண்டுபோய் ஒரு டாலர் கேட்டு யாரும் துவாலு அரசின் வாசலில் நிற்கப்போவதில்லை. நாட்டுக்குச் சுமையே இல்லை. இந்த மாதிரி ஏற்பாடுகளில் அடிப்பதும் விற்பதும் நாணயச் சாலையின் பாடு. பெயரைக் கொடுத்த நாட்டுக்கு ஒரு பங்கு. அந்தப் பெயர் மட்டும் இல்லையென்றால் அது நாணயமே இல்லை, வெறும் பதக்கம்.

என் மனக்குறை வேறு. 1976-ல் துவாலு முதன்முதலாகப் புழக்கத்துக்கு விட்ட காசுகளைப் பாருங்கள். 10 சென்டில் நண்டு, 20 சென்டில் பறக்கும் மீன், 50 சென்டில் கைகளை விரித்த ஆக்டோபஸ். ஒரு டாலர் காசு ஒன்பது கோண வடிவம், நடுவில் கடலாமை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓட்டின் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். வெறும் செம்பு நிக்கல்தான், ஆனால் அந்தக் கடலே அதில் இருக்கிறது. ஹோமரில் துவாலு எங்கே இருக்கிறது?

புதிதாகச் சேர்க்க வருகிறவர்களிடம் நான் சொல்வது: கார்ட்டூன் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் வெளியானதும் நேரடி விற்பனையில் வாங்குங்கள். நாட்டின் பங்கு அந்த முதல் விற்பனையோடு சரி. அதற்குப் பிறகு கைமாறும்போது ஏறுகிற விலையெல்லாம் வியாபாரிக்குத்தான். கூடவே அந்த 1976 ஆமை டாலர் ஒன்றையும் தேடிப் பிடியுங்கள்.