இதர வெள்ளிக் கனிமங்கள்

‘வெள்ளி, வெள்ளீயம், ஜெர்மானியம் கொண்ட சல்பைடு, அடையாளம் உறுதிப்படவில்லை.’ அறிக்கையில் நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட வரி இதுதான். தப்பான வரி இல்லை. இன்றைக்கு யாராவது கொண்டுவந்து நீட்டினாலும் அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் என்னால் பதில் சொல்ல முடியும். ஆனாலும் அது என்னை விடுவதாக இல்லை.

எலக்ட்ரான் கற்றையால் துகளின் தனிமங்களை அளக்கும் மைக்ரோபுரோப் முன்னால் உட்கார்ந்து பழகியவர்களுக்கு மாதிரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துத்தநாகத் தாதுவான ஸ்ஃபேலரைட், ஈயத் தாதுவான கலீனா, அவற்றின் விளிம்புகளில் ஒட்டிக்கொண்டு சில பத்து மைக்ரான் அகலத்தில் வெள்ளிக் கனிமங்கள். வெள்ளி எந்தக் கனிமத்தில் எவ்வளவு இருக்கிறது என்று மாதிரியை அனுப்பிய வாடிக்கையாளர்கள் கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான். பெரும்பாலானவை அகாந்தைட், பாலிபேசைட் என்று சுலபமாக அடங்கிவிட்டன. ஒரு வகைத் துகள் மட்டும் அடங்கவில்லை. நுண்ணோக்கியில் சாம்பல் வெண்மை, அதில் லேசாக ஓர் ஊதாச் சாயல். வெள்ளி 75 சதவீதம், கந்தகம் 17க்குக் கொஞ்சம் கீழே, வெள்ளீயம் 5. கூட்டினால் 97.

97 ஒரு சங்கடமான எண். 90 வந்தால் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியும். 97 வந்தால் பாலிஷ் சரியில்லை, துகளில் நுண்துளை, கரிப்பூச்சு தடிமன் என்று எதையாவது சொல்லித் தாண்டிப் போய்விடலாம். வெள்ளி அதிகமுள்ள சல்பைடு என்றால் இன்னொரு சாக்கும் கைவசம் உண்டு. எலக்ட்ரான் கற்றை ஒரே இடத்தில் நின்றால் வெள்ளி நகர ஆரம்பித்துவிடும். அளந்து முடித்துப் பார்த்தால் அங்கே ஒரு தழும்பு, சில சமயம் அதன்மேல் வெள்ளி மொட்டு மொட்டாக வெளியே வந்திருக்கும்.

இந்தச் சாக்குகள் எதையும் ஏற்காதவர் எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண். பாலிஷ் காரணம் என்றால் குறை துகளுக்குத் துகள் மாற வேண்டாமா, எல்லாவற்றிலும் அதே மூன்று ஏன் குறைகிறது என்று கேட்டார். அப்புறம் எக்ஸ்-கதிர் நிறமாலையைத் திறந்து காட்டினார். 1.2 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் ஒரு சின்ன மேடு. மென்பொருள் அதற்கு ‘மெக்னீசியம்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது.

“வெள்ளி சல்பைடுல மெக்னீசியத்துக்கு என்ன சார் வேலை?”

மெக்னீசியத்தின் கோடு, அதாவது அது விடும் எக்ஸ்-கதிரின் ஆற்றல், 1.25இல் வரும். ஜெர்மானியத்தின் எல் கோடு 1.19இல். அந்தக் கருவியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மின்னழுத்தத்தைக் கூட்டி ஜெர்மானியத்தின் இன்னொரு கோடான கே கோட்டைத் தேடினோம், 9.9இல் தனியாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நின்றது. அளந்ததில் மூன்று சதவீதம். கூட்டுத்தொகை 100க்கு வந்துவிட்டது.

இந்த இடத்தில் வேதியியலாளர் கிளெமென்ஸ் விங்க்ளரை நினைக்காமல் இருக்க முடியாது. 1885இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் அருகே ஹிம்மல்ஸ்ஃபுர்ஸ்ட் சுரங்கத்தில் கிடைத்த ஒரு வெள்ளிக் கனிமத்துக்குக் கனிமவியலாளர் ஆல்பின் வைஸ்பாக் ஆர்ஜிரோடைட் என்று பெயர் வைத்தார். விங்க்ளர் அதைப் பகுத்துப் பார்த்தபோது ஏறக்குறைய 7 சதவீதம் கணக்கில் வரவே இல்லை. திரும்பத் திரும்பச் செய்தும் அதே குறை. 1886 பிப்ரவரியில் அந்தக் குறையைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அதுதான் ஜெர்மானியம். 1871இல் மென்டலீவ் தன் தனிம அட்டவணையில் ‘ஈகா-சிலிக்கான்’ என்று காலியாக விட்டுவைத்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. அவர் கணித்த அணு எடை 72, விங்க்ளர் அளந்தது 72.3.

எங்களுக்கு அப்படி எதுவும் காத்திருக்கவில்லை. தெரிந்த தனிமம்தான். பெயரில்தான் சிக்கல்.

எட்டு வெள்ளிக்கு ஆறு கந்தகம், கூட ஒரு ஜெர்மானியம் என்றால் ஆர்ஜிரோடைட். அதே இடத்தில் வெள்ளீயம் இருந்தால் கான்ஃபீல்டைட். இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும். எது பாதிக்கு மேலோ அதன் பெயர். எடையில் பார்த்தால் எங்கள் துகளில் வெள்ளீயம் அதிகம் போலத் தெரியும், 5க்கு 3. ஆனால் வெள்ளீய அணு கனமானது. அணுக் கணக்குக்கு மாற்றினால் இரண்டும் கிட்டத்தட்ட சமம். ஒரு புள்ளியில் ஜெர்மானியம் ஒரு இழை கூட, அடுத்த புள்ளியில் வெள்ளீயம் ஒரு இழை கூட. கற்றை பட்டு வெள்ளி நகரும் துகளில் அந்த இழையை நம்பி யார் பெயர் எழுதுவது? படிக அமைப்பைப் பார்க்கவும் வழியில்லை. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக்குத் துகளைத் தோண்டி எடுக்கும் அளவுக்கு அது பெரிதாக இல்லை.

சரி, ‘ஆர்ஜிரோடைட்–கான்ஃபீல்டைட் வரிசை’ என்று எழுதியிருக்கலாமே என்று இதைப் படிக்கிற யாரும் கேட்பார்கள். அந்தப் பெண்ணும் அதைத்தான் கேட்டார். தனிமங்களின் விகிதத்தை மட்டும் வைத்து வரிசையின் பெயரைக்கூடப் போட முடியாது, அமைப்பு தெரிந்தாக வேண்டும் என்றேன்.

“பேர் இல்லாம போனா இதை மறுபடி யாரும் தேட மாட்டாங்க சார்.”

“பேர் தப்பா போச்சுன்னா?”

“தப்பா போனா யாராவது திருத்துவாங்க.”

இதற்கு அடுத்ததாக ‘இல்லாத பேரை யார் திருத்துவது’ என்று ஒரு வாக்கியம் என் நினைவில் இருக்கிறது. அவர் சொன்னதா, பின்னால் நானே மனசுக்குள் சேர்த்துக்கொண்டதா என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

என் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அது சாதாரண நேரம் இல்லை. 2023 ஆகஸ்டில் சீனா ஜெர்மானிய ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, அந்தச் சொல் அறிக்கையில் எங்கே வந்தாலும் கண்கள் விரிந்தன. ஜெர்மானியக் கனிமம் கண்டுபிடிப்பு என்று இரண்டே வரியில் அதை எடுத்துக்கொண்டு பணம் திரட்டக் கிளம்பிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. உலகத்துக்குக் கிடைக்கும் ஜெர்மானியம் பெரும்பாலும் துத்தநாகத் தாதுவைச் சுத்திகரிக்கும்போதும் நிலக்கரிச் சாம்பலிலிருந்தும்தான் வருகிறது. விரல் நகத்தில்கூடத் தேறாத இந்தத் துகள்களை நம்பி இல்லை. இதை வாடிக்கையாளருக்கு விளக்கலாம். அவரிடம் பங்கு வாங்குகிறவருக்கு யார் விளக்குவது?

இப்படிச் சொல்லும்போது எனக்கே ஒரு ஓட்டை தெரிகிறது. பயம் அந்தச் சொல்லைப் பற்றி என்றால், ஜெர்மானியம் என்ற சொல்லை நான் அறிக்கையில் எழுதத்தானே செய்தேன்? விட்டது ஆர்ஜிரோடைட் என்ற சொல்லைத்தான். அதைப் பார்த்து யாரும் பணம் போடப் போவதில்லை.

அமெரிக்கக் கனிமவியலாளர் சாமுவேல் பென்ஃபீல்டின் கதையை இதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். 1893இல் அவர் பொலிவியாவிலிருந்து வந்த ஜெர்மானியக் கனிமம் ஒன்றைப் புதிது என்று அறிவித்து, கான்ஃபீல்ட் என்ற சுரங்கப் பொறியாளரின் பெயரால் கான்ஃபீல்டைட் என்று பெயரிட்டார். அது கனசதுரப் படிகம், ஆர்ஜிரோடைட்டோ வைஸ்பாக் சொன்னபடி ஒற்றைச் சரிவுப் படிகம், ஆகவே இரண்டும் வேறு என்பது அவர் வாதம். அப்புறம் வைஸ்பாக்கே தன் கனிமமும் கனசதுர வடிவம்தான் என்று திருத்திக்கொண்டார். இரண்டும் ஒன்று என்றாகிவிட்டது. பென்ஃபீல்ட் 1894இல் பெயரைத் திரும்பப் பெற்று, வெள்ளீயம் உள்ள புதிய கனிமத்துக்கு அதையே கொடுத்தார். நாம் இன்று கான்ஃபீல்டைட் என்பது அந்த இரண்டாவதைத்தான். போகிற போக்கில் விங்க்ளரின் வாய்பாட்டையும் அவர் திருத்தினார். விங்க்ளர் ஒரு ஜெர்மானியத்துக்கு ஆறு வெள்ளி என்று கணக்குப் போட்டிருந்தார், சரியானது எட்டு. கனசதுரம் என்பதும் முழுக்கச் சரியில்லை. அறை வெப்பநிலையில் ஆர்ஜிரோடைட் செஞ்சாய்சதுர அமைப்பு. 220 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் உண்மையான கனசதுரம்.

ஆக, இந்தக் கனிமத்தைத் தொட்ட மூன்று பெரியவர்களும் ஏதோ ஒன்றில் தவறினார்கள். அச்சிட்ட கட்டுரைகளிலேயே தவறினார்கள். அதனால்தான் அடுத்தவர் கை வைக்க ஓர் இடம் கிடைத்தது. அந்தப் பெயர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்தால், 2008 முதல் திட மின்பகுளி பேட்டரி ஆய்வுகளில் லித்தியம் ஆர்ஜிரோடைட் என்று புழங்குகிறது. அந்த ஆய்வகங்களில் உள்ள பலர் உண்மையான ஆர்ஜிரோடைட்டைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த மூவர் கையில் கனிமம் கட்டியாக இருந்தது. எடுத்துக் கரைக்கலாம், மறுபடி செய்யலாம், கேட்டவருக்கு அனுப்பலாம். எங்களிடம் இருந்தது தழும்பு விழுந்த சில துகள்கள். மாதிரியும் எங்களுடையது இல்லை. ஆதலால் ஒப்பிடுவதே பொருந்தாது என்றும் சில நாள் தோன்றும்.

என் வரிக்கு என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர்களுடைய இறுதி அட்டவணையில் அகாந்தைட்டுக்கு ஒரு வரிசை, பாலிபேசைட்டுக்கு ஒன்று, கடைசியாக ‘இதர வெள்ளிக் கனிமங்கள்’ என்று ஒன்று. எங்கள் துகள்கள் அதில் போய்ச் சேர்ந்தன. ஜெர்மானியம் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் பயந்த பணக் கூட்டமும் வரவில்லை. மெருகேற்றிய மாதிரிகளைத் திருப்பிக் கேட்டார்கள், அனுப்பிவிட்டோம். அந்தப் பெண் பிறகு மேற்படிப்புக்குப் போய்விட்டார். இதைப் பற்றி எங்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் இருந்ததில்லை, அவர் மறந்தும் போயிருக்கலாம்.

இதே மாதிரி நாளை வந்தாலும் அந்த வரியைத்தான் எழுதுவேன் என்று நினைக்கிறேன். கையெழுத்து என்னுடையது, அளக்காத படிக அமைப்புக்கு நான் பொறுப்பேற்க முடியாது. ஆனால் அந்தத் துகள்களின் படங்களையும் நிறமாலைகளையும் என் கணினியில் சேமித்தபோது கோப்புறைக்கு ‘ஆர்ஜிரோடைட்’ என்றுதான் பெயர் கொடுத்தேன். தேடினால் கிடைக்க வேண்டுமே.