ஒன்றரை கிரவுண்டு மண்

நியூயார்க்கின் சோஹோ பகுதியில் உள்ள வூஸ்டர் தெருவுக்கு இன்று பெரும்பாலும் கைப்பையும் செருப்பும் வாங்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். விலையைப் பார்த்தால் தலை சுற்றும். அங்கே 141ஆம் எண் கட்டடத்தில் அழைப்புமணியை அழுத்தி மாடியேறினால் ஒரு கலைக்கூடம். அதில் உள்ள ஒரே படைப்பு, மண்.

மண்ணால் செய்த சிலை அல்ல, வெறும் மண். வால்டர் டி மரியா என்ற கலைஞர் 1977இல் நிரப்பியது. 22 அங்குல உயரம். 3,600 சதுர அடி, அதாவது சென்னைக் கணக்கில் ஒன்றரை கிரவுண்டு. எடை ஏறக்குறைய 127 டன். மூன்று மாதக் கண்காட்சியாகத் தொடங்கியது, பிறகு அள்ளப்படவே இல்லை. 1980 முதல் டியா கலை அறக்கட்டளை பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. கட்டணம் இல்லை. படம் எடுக்கவும் அனுமதி இல்லை.

கண்ணுக்கு முன்பே மூக்குக்குத்தான் தெரிகிறது, ஈர மண். முழங்கால் உயரக் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்றுதான் பார்க்க வேண்டும். கருத்த மண், அங்கங்கே கட்டிகள், சுற்றிலும் வெள்ளைச் சுவர். தெருவின் ஹாரன் சத்தம் இங்கே பாதியாகக் குறைந்துவிடுகிறது. எங்களுக்கு முன்னால் வந்த ஒரு ஜோடி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு உடனே இறங்கிப் போனது.

உடன் வந்த சித்தப்பா திருவாரூர்ப் பக்கம் பயிர்வேலை செய்து வளர்ந்தவர். “ஏம்பா, இவ்வளவு மண்ணை வைத்துக்கொண்டு நாலு கீரை விதைகூடவா போடவில்லை?” என்றார்.

போடவில்லை என்பதுதான் விஷயமே. மண் வெளுக்காமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கிறார்கள், வாரியால் கிளறிச் சமன்படுத்துகிறார்கள், தப்பித் தவறி எதுவும் முளைத்தால் பிடுங்கிவிடுகிறார்கள். உழவனுக்குரிய வேலை அத்தனையும் நடக்கிறது, மகசூல் மட்டும் கூடாது. சித்தப்பாவுக்கு இது தாங்கவில்லை. எனக்கோ, ரத்தத்தையும் நிர்வாணத்தையும் காட்டி மிரட்டும் கலையைவிட இதுதான் பெரிய துடுக்குத்தனமாகத் தோன்றியது. அந்த அதிர்ச்சியெல்லாம் ஒரு தலைமுறைக்குள் பழகிவிடும். இந்த மண்ணின் திமிரோ வாடகையோடு சேர்ந்து ஏறுகிறது. 1977இல் சோஹோ என்பது பழைய தொழிற்கூடங்களில் கலைஞர்கள் மலிவாகக் குடியிருந்த இடம். இன்று அங்கே ஒன்றரை கிரவுண்டைச் சும்மா போட்டுவைப்பது எவ்வளவு பெரிய காரியம்!

சும்மா போட்டுவைக்கவும் காசு வேண்டும்தான். டியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிலிப்பா டி மெனில், எண்ணெய்க் கிணற்றுத் தொழிலில் செல்வம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்தவர். பூமியைத் துளைத்து வந்த பணம் மண்ணைக் காத்து நிற்பது வேடிக்கைதான்.

போகிறவர்கள் திறந்திருக்கும் நாட்களை விசாரித்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் கோடை மாதங்களில் மூடிவிடுவது வழக்கமாக இருந்தது. அப்படியே நடந்து 393, வெஸ்ட் பிராட்வேக்கும் போய்விடலாம். அங்கே இதே கலைஞர் 1979இல் 500 பித்தளைத் தண்டுகளைத் தரையில் வரிசையாக அடுக்கியிருக்கிறார். தண்டுக்கு இரண்டு மீட்டர், மொத்தம் ஒரு கிலோமீட்டர். உள்ளே நுழைந்ததுமே சித்தப்பா பித்தளை விலையைக் கணக்குப்போட ஆரம்பித்துவிட்டார்.