உமி வேற, தவிடு வேற மாமா

எங்க வீட்ல இப்ப ஞாயித்துக்கெழமை கறி கெடையாது. மதுரை அனுப்பானடில ஞாயித்துக்கெழமை கறி எடுக்காத வீடுன்னா ஒண்ணு அமாவாசையா இருக்கணும், இல்லாட்டி ஏதாச்சும் துட்டி விழுந்திருக்கணும். பக்கத்து வீட்டக்கா மொத வாரம் நெசமாவே செவுத்துக்கு அங்கிட்டிருந்து எட்டிப் பாத்து "யாருக்கு என்னாச்சு"ன்னு மெதுவா விசாரிச்சுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலக்கா, மாமாவுக்கு ஞானம் வந்துருச்சு அவ்வளவுதான்.

ஞானம் வர்ற எடம் தெப்பக்குளம். காலைல வாக்கிங் போறேன்னு கெளம்புவாரு, குளத்தச் சுத்துறது கொஞ்ச நேரம், அருகம்புல் ஜூஸ் டம்ளரக் கையில வச்சுக்கிட்டுப் படிக்கட்டுல ஒக்காந்து பேசுறது மிச்ச நேரம் பூரா. அந்தக் கூட்டத்துல எல்லாருமே ரிடையர் ஆனவங்க, எல்லாருமே டாக்டரு. ஒருத்தர் முட்டிவலிக்கு முடக்கத்தான்னுவாரு, இன்னொருத்தர் சுகருக்கு வெந்தயம்னுவாரு, வீட்ல அடுப்புப் பத்த வைக்கத் தெரிஞ்ச ஆளு அதுல ஒருத்தர்கூட இருக்க மாட்டாருன்னு அத்தை சொல்லும்.

அங்கருந்து ஒவ்வொரு நாளா ஒவ்வொரு சட்டம் வந்துச்சு. கறி மீன் முட்டை கட். பால் கட். தயிர் கட், நெய் கட். மைதா சீனி ரீஃபைண்ட் ஆயில் கட். கடைசியா வெள்ளை அரிசி கட். சமையக்கட்டுல மிச்சம் இருந்தது நானும் கருவேப்பிலையும்தான். காபிக்குப் பதிலா கருப்பட்டி போட்டு சுக்குமல்லி. அத்தை மட்டும் பால்காரத் தம்பிய முன்வாசல் வேணாம், கொல்லப்பக்கம் வந்து அரை லிட்டர் குடுத்துட்டுப் போன்னு ஏற்பாடு பண்ணிக்கிருச்சு. எங்க வீட்டுக்காரருக்குத் திடீர்னு சனிக்கெழம சனிக்கெழம ஆபீஸ்ல ஆடிட் வர ஆரம்பிச்சுருச்சு, ஆடிட் முடிஞ்சு வர்ற மனுசன் சட்டையில சால்னா வாசம் எப்படி வருதுன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல. மூத்தவன் மட்டும் நேராவே கேட்டான், "தாத்தா, பரோட்டாவும் செடிலருந்துதான வருது?"

சாப்பாடு மோசம்னு சொல்ல மாட்டேன், சொன்னா வாய் வெந்துரும். குதிரவாலில தக்காளி சாதம் செஞ்சா அவ்வளவு நல்லாருக்கு, சட்டுனு வெந்துரும், ஆனா தண்ணி ஒரு கை கூடிப்போச்சுன்னா கஞ்சிதான். வரகுல பொங்கல் வச்சு நெய்க்குப் பதிலா செக்கு நல்லெண்ணெய் ஊத்தி மொளகு சீரகம் தாளிச்சேன், சின்னது ரெண்டாவது தடவ கேட்டுச்சு. கேப்பை மாவுல முருங்கக்கீரை போட்டு அடை, வெஞ்சனத்துக்கு வாழைத்தண்டு பொரியல், பாசிப்பயறு மசியல், இதெல்லாம் நம்ம அம்மா அத்தைங்க காலங்காலமா செஞ்சதுதான். பிரச்சினை தயிர்லதான். மாமா எங்கயோ கேட்டுட்டு வந்து வேர்க்கடலைய ராத்திரி ஊறப் போட்டு, தோலு நீக்கி, அரைச்சுப் பாலெடுத்து, காய்ச்சி, வெதுவெதுப்பா இருக்கயில பச்ச மொளகாக் காம்பக் கிள்ளிப் போட்டு மூடி வைக்கச் சொன்னாரு. காம்புல இருக்க கிருமியே ஒறைய வச்சுருமாம். ஒறையவும் செஞ்சுச்சு, அதான் ஆச்சரியம். அத்தை ஒரு ஸ்பூன் வாயில வச்சுட்டு, "கடலச் சட்னி ஊசிப்போனாப்புல இருக்கு"ன்னு சொல்லிட்டுக் கொல்லப்பக்கம் போயிருச்சு.

மாமா எல்லாத்துக்கும் ஒரு கணக்கு வச்சிருப்பாரு. கேப்பைல பாலவிட மூணு மடங்கு கால்சியம் இருக்குன்னுவாரு. 2023ஆம் வருசத்த ஐநா சபையே சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சுச்சு தெரியுமான்னு கேட்டாரு. அத்தை பூண்டு உரிச்சுக்கிட்டே, "எங்கய்யாவுக்கு எல்லா வருசமும் அந்த வருசந்தான்"னுச்சு. இன்னொரு நாள் மாமா சட்டப்பையிலருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்துச்சு. பி பன்னெண்டு. செடிகொடில அந்த வைட்டமின் கெடைக்காது, அதனால டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு, தப்பில்ல, போட்டுத்தான் ஆகணும். அத்தை அட்டைய வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டுக் கேட்டுச்சு, "இது எந்தச் செடில காய்க்குது?"

சரி, நேத்து விசயத்துக்கு வர்றேன்.

தெப்பக்குளம் கோஷ்டி மொத்தத்தையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுட்டாரு. வீட்ல யாருகிட்டயும் கேக்கல. சனிக்கெழம சாயங்காலம் ஆட்டோல மூட்டையோட வந்து எறங்குறாரு, மூஞ்சில ஒரு வெற்றிச் சிரிப்பு. கடைல விக்கிற தினை வரகெல்லாம் பாலிஷ் போட்டதாம், தவிட்ட எடுத்துட்டு வெறுஞ்சோத்த விக்கிறானாம், தவிடோட இருந்தா அதுல இருக்க எண்ணெய்னால சீக்கிரம் சிக்கு வாடை வந்துரும், அதுக்குப் பயந்துக்கிட்டு ஏவாரிங்க பாலிஷ் போட்டுர்றாங்களாம். இதெல்லாம் சரிதான். அதனால கீழமாசி வீதி பூரா அலஞ்சு, பாலிஷே போடாத முழுத் தினை வாங்கிட்டு வந்திருக்காரு. வெல கேட்டேன், தினையரிசி விக்கிற வெலைல பாதிகூட இல்ல. அப்பவே எனக்கு மனசுக்குள்ள சுருக்குன்னுச்சு, சொன்னா கேக்கவா போறாரு.

காலைல குக்கர்ல வச்சேன். வழக்கமா ரெண்டு விசில். ரெண்டு போச்சு, நாலு போச்சு, எட்டுப் போச்சு. தெறந்தா தினை தினையாவே பளபளன்னு மஞ்சளா என்னையப் பாக்குது. மாமா ஒரு கரண்டி வாயில போட்டு மென்னாரு, மென்னாரு, மென்னுக்கிட்டே இருந்தாரு. "நார்ச்சத்து"ன்னாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அத்தை வந்து மூட்டைக்குள்ள கையவிட்டு ஒரு பிடி எடுத்து ஊதிப் பாத்துச்சு. அப்புறம் சிரிச்சுச்சு பாருங்க, முந்தானைய வாயில அடச்சுக்கிட்டு தரையில ஒக்காந்து சிரிச்சுச்சு. "இது லவ்பேர்ட்ஸுக்குப் போடுற தினைங்க. கிளிக்கு மூக்கு இருக்கு, உமிய உரிச்சுத் துப்பிட்டுத் திங்கும், ஒங்க வாக்கிங்காரவுகளுக்கு மூக்கு இருக்கா?"

மாமா விடல, உமிலயும் சத்து இருக்கும்லங்குறாரு. அத்தை சிரிப்ப நிறுத்திருச்சு. "உமி வேற, தவிடு வேற. தவிட்ட மாடு திங்கும். உமிய மாடுகூடத் திங்காது."

மணி பத்து. ஒரு மணிக்கு ஆளுக வந்துருவாங்க. நான் கடைக்கு ஓடி தினையரிசி வாங்கிட்டு வந்துர்றேன்னு பையத் தூக்குனேன், அத்தை வேணாம்னுருச்சு. ஏன் வேணாம்னு சொல்லுச்சோ இப்ப வரைக்கும் எனக்குப் புரியல, ஒருவேள ரோசம். கொல்லையில கவுத்துப் போட்டு மேல கருவேப்பிலத் தொட்டி வச்சிருந்த கல்லுரல மாமாவும் எங்க வீட்டுக்காரரும் சேந்து நிமுத்துனாங்க. சடங்குக்குன்னு கதவுக்குப் பின்னாடி நிக்கிற உலக்கை வந்துச்சு. மொறம் மட்டும் பரண்லருந்து நானே எடுத்துக் குடுத்தேன். அத்தை சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு இடிக்க ஆரம்பிச்சுச்சு. முட்டிவலின்னு மாடி ஏறாத மனுசி, இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் உலக்கைய மாத்தி மாத்திப் போடுது, ஒரு தினைகூட வெளிய தெறிக்கல.

இடிச்சுக்கிட்டே பேசுச்சு. அத்தைக்கு ஊரு பேரையூர்ப் பக்கம், குதிரவாலி வெளையுற கரிசக்காடு. அஞ்சாப்போட பள்ளிக்கொடத்த நிறுத்திட்டாங்க, அதுக்கப்புறம் தெனமும் சாயங்காலம் உரலுதான். நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்கும், வீட்ல யாராச்சும் காச்சல்ல படுத்தா ரசஞ்சோறு, அதுக்காகவே காச்சல் வரணும்னு சாமி கும்பிடுவாகளாம். மாமா பொண்ணு பாக்க வந்தப்ப அத்தையோட அய்யா வேலை கேக்கல, சம்பளம் கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாராம். "மாப்ள வீட்ல தெனமும் நெல்லுச்சோறா?"

"ஆமான்னாரு ஒங்க மாமனாரு"ன்னு சொல்லிட்டு அத்தை மொறத்த எடுத்துப் பொடைக்க ஆரம்பிச்சுருச்சு. மாமா அங்கயேதான் நின்னாரு, கையில காலிச் சட்டியோட. ஐநா சபை பத்தியெல்லாம் ஒண்ணும் பேசல.

கொஞ்ச நேரங்கழிச்சு நான் பொடைக்கிறேன்னு மொறத்த வாங்குனாரு. வாங்கிருக்கக் கூடாது. ஒரே ஒரு தூக்கு. உமி பூரா எந்திரிச்சு, செவுத்தத் தாண்டிப் போயி, பக்கத்து வீட்டக்கா கட்டில்ல காய வச்சிருந்த கூழ் வத்தல்ல போயி ஒக்காந்துருச்சு. ஈர வத்தல். அந்தக்கா போட்ட சத்தம் தெப்பக்குளம் வரைக்கும் கேட்டிருக்கும். அதுக்குன்னு ஒரு அரை மணி நேரம் நான் போயி சமாதானம் பேசி, பாதி வத்தல் எங்க வீட்டுக் கணக்குன்னு ஆயிருச்சு.

விருந்து நல்லபடியா முடிஞ்சுச்சு. தினைல சாம்பார் சாதம், தேங்காப்பால் ஊத்தி வெல்லப் பாயசம், அப்பளம். கடலத் தயிர யாரும் தொடல. ஒருத்தர் கை கழுவிட்டு வந்து, "ஒங்க டயட் பிரமாதம் சார், எங்க வீட்லயும் நாளைக்கே ஆரம்பிச்சுர்றேன்"னாரு. நான் அடுப்படிக்குள்ளருந்து முகந்தெரியாத அந்த வீட்டம்மாவ நெனச்சு ஒரு பெருமூச்சு விட்டேன். மாமா எப்பவும்போல பேச ஆரம்பிப்பாருன்னு பாத்தா, "நான் வாங்குனது கிளித்தீனி சார், சோறாக்குனது அவ"ன்னு அத்தையக் கை காட்டிட்டாரு. அத்தைக்கு வெக்கம் வந்து, அப்பளம் கருகுதுன்னு உள்ள ஓடி வந்துருச்சு. அடுப்பே எரியல.

ராத்திரி அத்தைக்குக் கையெல்லாம் கடுப்பு, தைலம் தேச்சுக்கிட்டுப் படுத்துருச்சு. அடுப்படில சத்தம் கேக்குதேன்னு போனா, மாமா பொன்னி அரிசி களைஞ்சுக்கிட்டிருக்காரு. ரசம் வைக்க எத்தன தக்காளின்னு என்கிட்ட ரகசியமா கேட்டாரு. சோறு கொழஞ்சுருச்சு, ரசத்துல புளி தூக்கலு. அத்தை ரெண்டையும் வாய்விட்டுச் சொல்லிக் காட்டிட்டு, மறுசோறு வாங்கிச் சாப்பிட்டுச்சு. எங்க வீட்டுக்காரரும் தட்டத் தூக்கிட்டு வந்து ஒக்காந்துட்டாரு.

எல்லாம் சரி, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு ஆழாக்கு அரிசி வடிக்கவும் ஒரு ரசம் வைக்கவும் குக்கர், ரெண்டு சட்டி, மூணு கரண்டி, வடிதட்டு, மிக்ஸி ஜாரு. ரசத்துக்கு எதுக்கு மாமா மிக்ஸின்னு கேட்டேன், தக்காளிய முழுசாப் போடணும்னு தெரியாதும்மான்னு சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டாரு. மத்தியான விருந்துப் பாத்திரமே தொட்டியில மலையாக் கெடக்கு, இன்னைக்கு வேலைக்கார அக்கா லீவாம்.